இறக்கை முளைத்ததெல்லாம் ஈசல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்குப் பிறகு வீட்டுக்குள் நுழையும் ஈசலை மருந்தடித்து ஒழிக்கும் வழிகளைச் சொல்லும் குறிப்பு ஒன்று தங்கள் நாளிதழில் வந்திருந்தது. அதோடு போட்டிருந்த படத்தில் இருந்தது ஈசல் அல்ல, கட்டெறும்பின் ராணி. அதே வாரம் மாணவர் பக்கத்தில், எறும்புப் பண்ணை அமைக்கப் புற்றைத் தோண்டி ராணியை எடுத்து வரும்படி ஒரு செயல்திட்டமும் வந்தது. வாசலில் தானாக வந்து விழும் ராணிக்கு மருந்து. மண்ணுக்கடியில் குடித்தனம் நடத்தும் ராணிக்கு மண்வெட்டி! நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு. புற்றைத் தொடவே வேண்டாம். ராணி வேண்டுமென்றால், இறக்கை முளைத்த ஆணும் பெண்ணும் இணை சேரப் புற்றைவிட்டுக் கிளம்பும் கல்யாணப் பறப்பு நடக்கும் அந்த ஒரு மாலையில் தரையைப் பார்த்தால் போதும்.

முதலில் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறோம். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். அதற்கு இடுப்பே கிடையாது. தலை முதல் வால் வரை ஒரே பருமன். நான்கு இறக்கையும் ஒரே அளவாக, உடலைத் தாண்டி நீண்டிருக்கும். விரல் பட்டாலே உதிரும். உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. உணர்கொம்பு முழங்கை மடக்கியது போல வளைந்திருக்கும். ஈசலை வறுத்துப் பொரிகடலையோடு தின்று வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

ஈசல் போலவே எறும்பும் மழையை நம்பித்தான் பறக்கிறது. காய்ந்த மண்ணில் ராணியால் குழி பறிக்க முடியாது. வறண்ட காற்றில் உடம்பு உலர்ந்துவிடும். கோவைப் பகுதியில் கட்டெறும்பு பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் கோடைமழை மண்ணை ஒரு சாண் ஆழமாவது நனைத்த பிறகு பறக்கும். ஐப்பசி மழையிலும் சில இனங்கள் கிளம்பும். கொட்டினால் கொப்புளம் போடுமே, அந்த நெருப்பெறும்பு இரண்டு பருவத்திலும் பறக்கும். பெய்துகொண்டிருக்கும்போது எதுவும் பறக்காது. மழை விட்டு, காற்று அடங்கி, புழுக்கமாக இருக்கும் மாலைதான் சரியான நேரம். தூறலோடு நின்றுபோன நாளில் காத்திருப்பது வீண்.

பறக்கப்போகும் புற்றை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். வாயை வேலைக்கார எறும்புகள் அகலப்படுத்தியிருக்கும். பெரிய தலைக்காரர்கள் காவலுக்கு வெளியே வந்து நிற்பார்கள். இறக்கைக்காரர்கள் எட்டிப் பார்ப்பதும், வேலைக்காரர்கள் அவர்களை உள்ளே இழுத்துப் போடுவதுமாக ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். வேளை வந்ததும் புல் நுனியிலும் கல் மேட்டிலும் ஏறிக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் புற்றின் வாயிலிருந்தே இறக்கையோடு இருக்கும் பெண்களைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவை இன்னும் இணை சேராதவை, அவற்றால் பயனில்லை.

இணை சேராத ராணியும் முட்டையிடும் என்பதுதான் வேடிக்கை. எறும்பில் ஆண் என்பது கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது. அதற்குத் தகப்பன் கிடையாது. ஆகவே கன்னி ராணியின் முட்டைகள் பொரித்தாலும் ஆண்களே வரும். ஆண் எறும்பு இரை தேடாது, குஞ்சு பேணாது. ஒரு வேலைக்காரிகூட இல்லாத அந்தக் குடும்பம் அங்கேயே முடிந்துவிடும். வானத்தில் இணை சேர்ந்து இறங்கிய ராணியோ அன்று வாங்கிய விந்தைத் தன் வயிற்றுப் பையில் ஆயுள் முழுக்க வைத்திருந்து செலவழிக்கிறது. அடுத்த சேர்க்கை என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவின் கருப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று ஆய்வகத்தில் 28 ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரு மாலை இணை சேர்ந்ததற்கு இத்தனை கால வாழ்வு!

எங்கே தேடுவது? தெருவிளக்கின் கீழ், பெட்ரோல் பங்க் தளம், பேருந்து நிறுத்தம், மொட்டை மாடிச் சுவரோரம். பழைய குழல்விளக்கும் பாதரச விளக்கும் இழுக்கும் அளவுக்கு எல்இடி இழுப்பதில்லை. புற ஊதா ஒளி அதில் குறைவு. வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் கட்டிப் பின்னால் குண்டு பல்பைத் தொங்கவிட்டாலும் வரும். ஆனால் விளக்கடியில் இறக்கையோடு சுற்றுபவற்றில் இணை சேராதவையும் கலந்திருக்கும். நல்ல ராணி தரையில்தான் கிடைக்கும். இறக்கையை உதிர்த்துவிட்டு, சுவரோரமாகவும் கல் இடுக்கிலும் மூக்கை நுழைத்து நுழைத்து, வளைந்து வளைந்து தனியாக ஓடுவதைத் தேடுங்கள். அந்தி முதல் இரவு ஒன்பது மணி வரை பாருங்கள். மறுநாள் விடிந்ததும் திண்ணை மூலையையும் பூந்தொட்டி அடியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கட்டெறும்பு விஷயத்தில் எல்லோரும் தவறுவது ஒன்றுண்டு. அதன் வேலைக்காரர்களிலேயே பெருந்தலை கொண்ட பெரிய வகை இருக்கிறது. அதைப் பிடித்து வைத்துவிட்டு, ராணி முட்டையிடவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். தலையைப் பார்க்காதீர்கள், மார்பைப் பாருங்கள். வேலைக்காரியின் மார்பு பக்கவாட்டில் ஒடுங்கி, மேலே வழவழவென்று ஒரே வளைவாக இருக்கும். ராணியின் மார்பு பறக்கும் தசைக்காகத் திரண்டு புடைத்து, பல தகடுகளாகப் பிரிந்து தெரியும். இறக்கை உதிர்ந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டு தழும்பு இருக்கும். வயிறும் கனமாக இருக்கும். ஆண் இதற்கு எதிர்: மெலிந்த உடல், சின்னத் தலை, உருண்ட கண். காலையில் விளக்கடியில் செத்துக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை ஆண்கள்தான். விளக்குக்கு வரும், கொழுத்த செம்பழுப்புக் குளவி போன்ற பெரிய பூச்சியையும் சிலர் ராணி என்று நினைக்கிறார்கள். அது டோரைலஸ் என்னும் படையெறும்பின் ஆண். அந்த இனத்தின் ராணிக்கு இறக்கையே கிடையாது. அது பறந்து வராது.

பிடிக்கும் முறைக்கு வருவோம். இடுக்கி வேண்டாம், கால் ஒடிந்தால் அந்த ராணியால் முட்டையைப் பேண முடியாது. மாத்திரை டப்பாவை முன்னால் வைத்து, காகிதத் துண்டாலோ மெல்லிய தூரிகையாலோ பின்னாலிருந்து தள்ளினால் தானே ஏறிக்கொள்ளும். ஒரு டப்பாவுக்கு ஒன்று. இரண்டை ஒன்றாகப் போட்டால் வீடு போய்ச் சேருவதற்குள் ஒன்றை ஒன்று கடித்திருக்கும். உள்ளே பட்டாணி அளவு ஈரப் பஞ்சு போதும். தண்ணீர்ச் சொட்டு விட்டால் அதிலேயே மூழ்கும். வெயில் பட்ட ஸ்கூட்டர் பெட்டியிலோ கால்சட்டைப் பையிலோ வைக்க வேண்டாம். டப்பாவின் மேல் தேதி, நேரம், இடம், மழை எப்போது விட்டது என்று எழுதிவிடுங்கள். கடைசியில் இந்தக் குறிப்புத்தான் ராணியைவிட மதிப்புள்ளதாக இருக்கும். எத்தனை எடுக்கலாம் என்றால், இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று. அன்று இறங்கும் ராணிகளில் மிகப் பெரும்பான்மையைப் பல்லியும் தவளையும் காக்கையும் அயல் எறும்புகளும் தின்றுவிடும் என்பதால் இரண்டு மூன்று எடுப்பதால் ஊருக்கு நட்டமில்லை. இருபது எடுத்தால் உங்களுக்கே பராமரிக்க முடியாது.

ராணிக்கு முதலில் வேண்டியது கண்ணாடிக் கூண்டோ மண்ணோ அல்ல, ஒரு சோதனைக் குழாய்தான். கட்டெறும்புக்கு 15 செ.மீ. நீளம், 16 முதல் 18 மி.மீ. விட்டம் உள்ளது பொருந்தும். அடியில் 5 செ.மீ. உயரத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர். அதன் மேல் மருந்துக்கடைப் பஞ்சை 2 செ.மீ. தடிப்பில் உருட்டி, பென்சிலால் தள்ளித் தண்ணீரைத் தொடும் வரை இறக்க வேண்டும். பஞ்சுக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக் குமிழி தங்கக்கூடாது. வெக்கையில் அந்தக் காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியே தள்ளி அறையை மூழ்கடித்துவிடும். ராணிகள் வீட்டில் சாவதற்கு இந்தக் குமிழியும் ஒரு காரணம். பஞ்சு தளர்வாக இருந்தாலும் கசியும், அளவுக்கு மீறி இறுகினால் ஈரம் ஏறாது. ராணியை விடுவதற்கு முன் குழாயை ஒரு இரவு படுக்கையாக வைத்துச் சோதித்துவிடுங்கள். பிறகு ராணியை விட்டு, 5 செ.மீ. இடம் விட்டு, வாயை 2 செ.மீ. பஞ்சால் அடைக்கலாம். ஓட்டை போட வேண்டாம். பஞ்சு வழியே காற்று போகும். குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் பலமுறை அலசுங்கள். சோப்பின் மிச்சம் எறும்புக்கு நஞ்சு.

அதன் பிறகு செய்ய வேண்டியது எதையும் செய்யாமல் இருப்பது. பலருக்கும் இதுதான் கடினமாக இருக்கிறது. குழாயைக் கருந்துணியில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள். கட்டெறும்பு, நெருப்பெறும்பு ராணிகளுக்கு இந்தக் கட்டத்தில் தீனியே தேவையில்லை. இனிப் பறக்க வேண்டாம் என்பதால் இறக்கைத் தசையையும் சேமித்த கொழுப்பையும் கரைத்து முதல் குஞ்சுகளுக்கு ஊட்டிவிடும். பாவம் என்று சர்க்கரையும் சோறும் வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். கட்டெறும்பின் முதல் ஈடு பெரும்பாலும் பத்து முட்டைக்குள்தான் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை, புழு, கூடு கடந்து முதல் வேலைக்காரி வர ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். நெருப்பெறும்பு நான்கு வாரத்திலேயே முந்திக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை, அதுவும் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். தினமும் எடுத்து ஆட்டிப் பார்த்தால் ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். ஆபத்தென்று பட்டால் போட்ட முதலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. குளிர்சாதனப் பெட்டியின் மேலே வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. இயந்திரத்தின் அதிர்வே போதும். கட்டெறும்பின் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். வழவழத்த கண்ணாடியில் அதற்குப் பிடி கிடைக்காமல் திணறுவதும் உண்டு. ஒரு சிட்டிகை பொடிமணல் தூவி வைத்தால் நல்லது.

நம் வீடுகளில் இன்னொரு எமன் கொசு மருந்து. கொசுவர்த்தியும் செருகு மருந்தும் பூச்சிக்கென்றே செய்தவை, எறும்பும் பூச்சிதானே. குழாய் இருக்கும் அறையில் அதை ஏற்றக்கூடாது. அடுத்த எமன் பிள்ளையார் எறும்பு. பஞ்சின் இடுக்கு வழியே நுழைந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பலகார அலமாரியின் காலுக்குப் பாட்டிமார் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்களே, அதேதான் மருந்து: குழாய்களை ஒரு பலகையில் வைத்து, பலகையைத் தண்ணீர்த் தட்டின் நடுவே நிறுத்துங்கள்.

முதல் வேலைக்காரிகள் மிகச் சிறியவை. அவை நடமாடத் தொடங்கிய பிறகே தீனி. சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு; அதில் குண்டூசித் தலையளவு சொட்டை ஒரு தாள் துண்டில் வைத்து வாரம் இருமுறை கொடுக்கலாம். கூடவே புரதத்துக்கு ஒரு கொசுவோ கரையானோ. மருந்தடித்த வீட்டில் செத்த பூச்சி வேண்டாம். தின்னாத மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும். பஞ்சு கருத்துத் தண்ணீர் தீர்ந்தால் எறும்புகளைக் கொட்டி மாற்றாதீர்கள். புதுக் குழாயை வாயோடு வாய் வைத்து டேப்பால் ஒட்டி, புதியதை இருட்டாக்கி, பழையதை வெளிச்சத்தில் விடுங்கள். தாங்களே குடிபெயர்ந்துவிடும். சில நாள் ஆகலாம். ஊதியோ தட்டியோ விரட்ட வேண்டாம்.

குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாதவையும் இருக்கின்றன. கரிய தலை, செம்மஞ்சள் மார்பு, கரிய வயிறு என்று மெலிந்து நீண்டிருக்கும் மரத்து எறும்பு டெட்ராபொனேரா. அதன் கொடுக்கு கடுமையானது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிராபத்தும் நேரலாம். முசுறு ராணி பச்சை நிறத்தில் அழகாகத்தான் இருக்கும்; ஆனால் மரத்து இலையைத் தைத்து வாழும் கூட்டத்தைக் குழாயில் அடைத்து வைப்பது நெடுநாள் ஒத்துவராது. புற்று வாயில் இறகும் சருகும் சேர்த்து வைக்கும் டயகாமா என்னும் எறும்பில் ராணி என்ற சாதியே இல்லை. இணை சேர்ந்த ஒரு வேலைக்காரியே முட்டையிடுகிறாள். அங்கே ராணியைத் தேடித் தோண்டுவது இல்லாததைத் தேடுவது.

தோண்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். கட்டெறும்புப் புற்று மரத்து வேரோடு பின்னி ஆழமாக இறங்கும். மேலே அதிர்வு கேட்டதுமே ராணியைக் கீழறைக்கு நகர்த்திவிடுவார்கள். ஒரு கூடை மண்ணை அள்ளியும் மாணவன் வேலைக்காரிகளோடுதான் திரும்புவான். தப்பித் தவறி ராணி கிடைத்தால் அது இன்னும் மோசம். கட்டெறும்புக் கூட்டத்துக்கு வேறு ராணியை உருவாக்கிக்கொள்ளத் தெரியாது. இருக்கும் வேலைக்காரிகள் ஆயுள் தீர்ந்து ஒவ்வொன்றாகச் சாக, புற்று காலியாகும். தோண்டி எடுத்த கிழ ராணியும் குழாய் வாழ்வுக்குப் பழகாது. பல ஆண்டுக் குடும்பம் ஒரு செயல்திட்ட மதிப்பெண்ணுக்குப் போய்விடுகிறது. செயல்திட்டத்தை "மழை விட்ட மாலையில் தரையில் தேடுக" என்று மாற்றி எழுதினால் மாணவனுக்கும் காத்திருக்கப் பழக்கமாகும்.

காசு கொடுத்து வாங்குவதும் வேண்டாம். 2025 ஏப்ரலில் கென்யாவின் நைவாஷாவில் ஏறக்குறைய 5,000 ராணி எறும்புகளோடு பெல்ஜிய இளைஞர் இருவர் பிடிபட்டார்கள். எறும்புகளைப் பஞ்சு அடைத்த குழாய்களில் வைத்திருந்தார்கள். நாம் மேலே சொன்ன அதே முறை. ஐரோப்பா, ஆசியாவில் எறும்பு வளர்ப்போருக்கு விற்கப் பிடித்த ராட்சத அறுவடை எறும்புகள் அவை. அவர்களோடு வேறு இருவருக்கும் சேர்த்து, மே 7 அன்று நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டத் தவறினால் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியின்றி எந்த விலங்கையும் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எறும்பும் அதில் அடக்கம். ஆனைமலைப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டவர் ஆய்வுக்கோ வணிகத்துக்கோ நம் உயிரினத்தைப் பெற, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ராணி அனுப்ப முடியுமா என்று இணையத்தில் அன்பாகக் கேட்பவருக்கு இந்தப் பதிலைக் கொடுக்கலாம்.

ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதிலும் வில்லங்கம் உண்டு. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடுமாடுகளையும் மக்களையும் பாடாய்ப் படுத்திய மஞ்சள் எறும்பு பல ராணிகளை வைத்துக் குடித்தனம் நடத்துவது. அது பறந்து பரவுவதைவிட நடந்தும், நாற்றுத்தொட்டி மண்ணோடும் பரவுவதுதான் அதிகம். ஆகவே வளர்க்க முடியாமல் போனால் ராணியை எடுத்த இடத்திலேயே, ஒரு மாலையில், வேறு புற்று அருகில் இல்லாத மரத்தடியில் விட்டுவிடுங்கள். இன்னொரு மாவட்டத்து நண்பருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டாம்.

"அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்" என்று சொன்னவர்கள் நாளையும் வேளையையும் கவனித்திருக்கிறார்கள். எறும்புக்கு அப்படியொரு நாட்குறிப்பு நம்மிடம் இல்லை. எந்த ஊரில், எந்தத் தேதியில், மழை விட்டு எத்தனை மணி நேரம் கழித்து எந்த எறும்பு பறந்தது என்று வாசகர்கள் எழுதி அனுப்பினால், வானிலைச் செய்திக்குக் கீழே இரண்டு வரி இடம் ஒதுக்க முடியுமா? படம் எடுப்பவர்கள் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் பதிவேற்றலாம்; இனம் கண்டு சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மருந்துக் குறிப்புக்கு ஒரு திருத்தமும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்: மழை விட்ட மாலை இறக்கை எறும்பு வீட்டுக்குள் வந்தால், வாசல் விளக்கையும் கூடத்து விளக்கையும் ஒரு மணி நேரம் அணைத்து வைத்தால் போதும். மருந்து தேவைப்படாது.

இப்படிக்கு,
எறும்பு வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.